அம்மாவின் கனகாம்பரமும் அக்காவின் டிசம்பர் பூவும்

காய்ந்த கனகாம்பரக் காயை நாக்கில் தொட்டு ஈரமாக்கி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டால், பத்து எண்ணுவதற்குள் "பட்"டென்று வெடித்து விதை தெறிக்கும். அந்தக் குறுகுறுப்பு முழங்கை வரைக்கும் ஓடும். எனக்கு அறுபது நெருங்குகிறது, பேரன் பேத்தி எடுத்துவிட்டேன். ஆனாலும் யார் வீட்டு வாசலிலாவது கனகாம்பரத்தைக் கண்டால் ஒரு காயைப் பறித்து நாக்கில் வைக்காமல் என்னால் நகர முடியாது. பார்க்கிறவர்கள் கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

கொல்லையில் என்ன பூச்செடி வைக்கலாம் என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் இரண்டே செடிகளைத்தான் சொல்வேன்: ஒன்று கனகாம்பரம், இன்னொன்று டிசம்பர் பூ. இரண்டும் ஒருமுறை வேர் பிடித்தால் வருஷக்கணக்கில் நிற்கும், இரண்டுக்கும் வாசனை கிடையாது, இரண்டையும் நாரில் தொடுத்துத் தலையில் வைக்கலாம். அதற்குமேல் ஒற்றுமை தேடாதீர்கள். கனகாம்பரம் வந்திறங்கிய புது மாப்பிள்ளை மாதிரி. தண்ணீர் குறைந்தால் முகம் வாடும், கூடினால் வேர் அழுகும், வெயிலும் அளவாக வேண்டும். அந்தச் சீராட்டலுக்குக் கைம்மாறாக வருஷம் முழுவதும் ஒருநாள் விட்டு ஒருநாள் பூக்கும், பறித்த பூ மூன்று நாளைக்கு நிறம் மாறாது. டிசம்பர் பூவோ பதினொரு மாதம் வெறும் தழையாக, வேலியோரத்துக் களையோ என்று சந்தேகப்படும்படி நிற்கும். பனி இறங்கியதும் யாரையும் கேட்காமல் உடம்பெல்லாம் ஊதாவாகப் பூத்துத் தள்ளும். ஆனால் காலையில் பறித்தது சாயங்காலத்துக்குள் சுருண்டுவிடும்.

ஆரணியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இந்த இரண்டும் கிணற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக நின்றன. என் தகப்பனார், நாங்கள் "நைனா" என்று அழைப்போம், பட்டுக்குச் சாயம் போடுகிறவர். கொல்லையில் பாதி இடம் அவருடைய அடுப்புக்கும் அண்டாக்களுக்கும் போய்விடும். கச்சாப் பட்டு நூலைச் சோடாக் காரம் கலந்த தண்ணீரில் கொதிக்கவைத்து அதன் பிசினைப் போக்கிய பிறகுதான் சாயம் ஏறும். மிஞ்சுகிற அந்தத் தண்ணீர் கொழகொழவென்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடவைக்கும் நாற்றத்தோடு இருக்கும். செடிப் பக்கம் அது ஒரு சொட்டுக்கூடப் போகக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. கனகாம்பரம் அவள் கல்யாணமாகி வரும்போது பிறந்த ஊரான தேசூரிலிருந்து கொண்டுவந்தது. டிசம்பர் பூ என் அக்கா விசாலத்தினுடையது. எதிர்வீட்டில் தறி நெய்த வேதக்காரக் குடும்பத்து ரோசம்மா, "ஏசு சாமி பொறக்கிற மாசத்துல பூக்கும், வெச்சிக்கோ கண்ணு" என்று ஒரு குச்சியை ஒடித்துக் கொடுக்க, அக்கா அதை நட்டு வளர்த்தாள்.

அந்தக் காலத்தில் நிறத்துக்குப் பெயர் சொன்னால் நைனா நம்பமாட்டார். "மாம்பழம்னா எந்த மாம்பழம்? காட்டு" என்பார். புடவை கேட்டு வருகிறவர்கள் பூவையோ பழத்தையோ கையில் கொண்டுவந்து வைக்கவேண்டும். அண்டாவிலிருந்து ஒரு இழையை எடுத்து, காற்றில் ஆட்டி நன்றாகக் காயவைத்து, அந்தப் பூவோடு சேர்த்துப் பிடித்துப் பார்ப்பார். ஈரப் பட்டு பொய் சொல்லும் என்பது அவர் கட்சி.

எனக்கு எட்டு வயதானபோது அக்காவுக்குத் தெள்ளாரில் மாப்பிள்ளை பார்த்து, தைக் கடைசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. ஊருக்கெல்லாம் பட்டுக்குச் சாயம் போட்ட எங்கள் வீட்டில் அதுவரை யாரும் முழுப் பட்டு உடுத்தியதில்லை. அக்காவின் கல்யாணப் புடவைக்கு மட்டும் நைனா எப்படியோ பட்டு சேர்த்து வைத்திருந்தார். என்ன நிறம் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் அம்மா, "இன்னா கேள்விங்க இது? கனகாம்பரந்தான். மங்களமா இருக்கும்" என்று முடித்துவிட்டாள். அக்கா எழுந்துபோய் டிசம்பர் செடியருகில் உட்கார்ந்துகொண்டாள். அதில் அப்போதுதான் முதல் மொட்டுகள் விட்டிருந்தன. அவள் முகத்தைப் பார்த்த எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அக்காவுக்கு ஊதாதான் ஆசை.

எட்டு வயசு மூளையின் கணக்கு இது: நைனாவுக்குப் பூவைக் கண்ணால் பார்க்காமல் சாயம் போட வராது, கனகாம்பரச் செடி செத்தால் பூ இல்லை, பூ இல்லையென்றால் புடவை ஊதா. மறுநாள் வெள்ளிக்கிழமை நிறம் பார்ப்பதாகப் பேச்சு. வியாழன் மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து, அண்டாவில் மீந்திருந்த பட்டு அவித்த தண்ணீரைச் செம்பு செம்பாக மொண்டு கனகாம்பரத்தின் வேரில் ஊற்றினேன். ஏழு செம்பு. ஈரம் தெரியாமல் மேலே மண்ணையும் தள்ளி மூடினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் அந்தச் செடி என்றைக்கும் இல்லாதபடி பூத்து நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. நைனா நாலு பூவைப் பறித்துக்கொண்டு போனார், சாயம் போட்டார், ஒரு வாரத்தில் ரோசம்மா வீட்டுத் தறியில் கனகாம்பர நிறத்தில் பாவு, அதாவது நீளவாட்டு இழை, ஏறியது.

அதற்குப் பிறகுதான் செடி சாக ஆரம்பித்தது. முதலில் இலை ஓரம் கருகியது, பிறகு மஞ்சளித்தது, மார்கழி பிறந்து சில நாளில் மொத்தச் செடியும் விளக்குமாற்றுக் குச்சியாக நின்றது. அம்மா அதன் அருகே உட்கார்ந்து அழுதாள். செடிக்காக மட்டும் அழவில்லை என்பது அவள் நைனாவிடம் பேசியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"கண்ணாலம் வெச்ச வூட்ல பொறந்த வூட்டுப் பூச்செடி காஞ்சி போச்சிங்க. எனக்குக் கொல நடுங்குது. தெள்ளாருக்கு ஆள் அனுப்பிடுங்க. இந்தத் தையில வேணாம்."

"சும்மா பேஜார் பண்ணாத. நாள தள்ளினா அவங்க வேற பொண்ணு பாத்துடுவாங்க."

"பாத்தா பாக்கட்டும். எம் பொண்ணு உசுரோட இருக்கணும்."

நைனா இரண்டு நாள் முரண்டு பிடித்தார். அம்மா சோறு இறங்காமல் கிடப்பதைப் பார்த்ததும் அவருக்கும் மனசு விட்டுப்போயிற்று. விடிந்ததும் ஆள் போவதாக முடிவாயிற்று. அக்கா தலையைக் குனிந்துகொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பாவம், என்னால் இவள் கல்யாணமே நிற்கப்போகிறதே என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஓடிப்போய் அம்மா மடியில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா அடித்தாள், கையில் அகப்பட்டதாலெல்லாம் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள். கெட்ட சகுனம் இல்லை, வெறும் காரத் தண்ணீர்தான் என்ற நிம்மதி அவளுக்கு. அப்புறம்தான் கேட்டாள், "ஏண்டி பாவி ஊத்தின?"

"அக்காவுக்கு அந்த ஊதாக் கலரு மேலதாம்மா ஆசை."

அம்மா திரும்பி டிசம்பர் செடியைப் பார்த்தாள். மார்கழிப் பனியில் அது இலை தெரியாமல் பூத்துக்கிடந்தது. நைனாவைக் கூப்பிட்டு, "முந்தானி இன்னும் நெய்யலயே. அதுக்குக் குறுக்க ஓடுற ஊடை இழைய மட்டும் இந்தக் கலர்ல போட்டுக் குடுங்க, கொழந்த ஆசப்பட்டுட்டா" என்றாள். பறித்தால் நிறம் போய்விடுமென்பதால் நைனா மறுநாள் காலை காய்ந்த இழையை எடுத்துக்கொண்டு செடியிடமே போனார். பூவுக்கு நேராகக் குந்தி உட்கார்ந்து ஒரு நாழிகை பார்த்தார். பாவில் கனகாம்பரமும் ஊடையில் ஊதாவும் சேர்ந்து அந்த முந்தானை இரண்டுமில்லாத ஒரு நிறத்தில் வந்தது. அசைந்தால் செம்பாக மின்னும், மடிந்தால் ஊதாவாக இருளும். கல்யாணத்துக்கு வந்த பெண்கள் இதற்கு என்ன பெயர் என்று கேட்க, நைனா, "இன்னும் பேரு வெக்கலம்மா" என்றார். வண்டி ஏறும்போது அக்கா விம்மி விம்மி அழுதாள். எல்லாப் பெண்ணும் அழுவதுதானே என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

இப்போது அந்த வீடு வேறொருவர் கையில் இருக்கிறது. கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். நைனாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. புடவை அக்காவின் பிள்ளைகளுக்கு ஏணை கட்டித் தாலாட்டியே நைந்து போனது. கதை மட்டும் என்னிடம் இருக்கிறது. அக்காவின் ஆசையையும் கல்யாணத்தையும் சேர்த்து நான் காப்பாற்றிய கதை என்று என் பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேனோ தெரியாது.

போன மார்கழியில் தெள்ளாருக்குப் போயிருந்தேன். அக்காவின் மருமகளிடமும் இதே பெருமையை அளந்தேன். மருமகள் மாட்டைக் கட்டப் போனதும் அக்கா, "நீ செம்ப எடுத்துகினு போனத அன்னிக்கே நான் பாத்துகினுதான் இருந்தேன்" என்றாள்.

"அப்போ ஏங்க்கா தடுக்கல?"

"செடி செத்தா அம்மா பயந்துக்கும், கண்ணாலம் நின்னாலும் நிக்கும்னு தோணிச்சி. நிக்கட்டும்னு வாய மூடிகினேன். பதிமூணு வயசுடி எனக்கு. இன்னும் ஒரு வருஷம் அம்மாகிட்டயே இருந்துக்கலாம்னு பாத்தேன்."

எந்த நிறம் என்று வீடே கூடிப் பேசியிருக்கிறோம். போக விருப்பமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவளுக்காகவே எல்லாம் செய்ததாக நினைத்த நானும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அக்கா என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "எப்பிடிச் சொல்றது? அந்த முந்தானிய என் தோள்ல போட்டு வுட்டுட்டு நீதான் அவ்ளோ சந்தோஷமா என்னைப் பாத்துகினு நின்னியே."