இறங்காத நெல்

நெல் ஏன் ஒரு நாள் ஓடுகிறது, ஒரு நாள் நின்றுவிடுகிறது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். மூன்று வருடம் அரிசி மில் நடத்தியவளுக்கு இதுகூடவா தெரியாது என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். தெரியாததைத் தெரிந்ததாக நினைத்துக்கொண்டு நான் செய்த காரியம் எனக்குப் போதும்.

மில் பாபநாசத்துக்குப் பக்கத்தில். என் கணவர் மஸ்கட்டுக்குப் போய் அங்கிருந்து அனுப்பியதில் பழைய மில்லைப் புதுப்பித்தோம். தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்த காலம் அது. ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போட்டுவிட்டுப் போன வேலையெல்லாம் பெண்களின் தலையில் விழுந்தது. நான் தரங்கம்பாடியில் வாத்தியார் வீட்டில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் நெல்லை மூட்டையாகப் பார்த்ததோடு சரி.

புதிதாக வந்ததில் பெரியது ஓர் இரும்புத் தொட்டி. இரண்டு ஆள் உயரம், அடியில் புனல் மாதிரி குறுகியிருக்கும். அவித்துக் களத்தில் காயவைத்த நெல்லை எலிவேட்டர் மேலே கொண்டுபோய் அதில் கொட்டும். அடியில் உள்ள அடைப்புத் தகட்டை இழுத்தால் நெல் தானாக அரவை மிஷினுக்கு இறங்க வேண்டும். முதல் மாதம் இறங்கியது. அப்புறம் அதற்குத் தோன்றினால் இறங்கும், இல்லாவிட்டால் நிற்கும். தகட்டைத் திறந்ததும் நாலு படி விழும், அதோடு சரி. கீழிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் நெல் வளைந்து கூரை கட்டிக்கொண்டு நிற்கும். முட்டுக்கொடுக்க ஒரு குச்சிகூட இல்லாமல் அத்தனை நெல் எப்படி அந்தரத்தில் நிற்கிறது? எனக்குத் தலை சுற்றியது.

ஒரு நாள் ஆத்திரத்தில் தரையில் கொட்டிப் பார்த்தேன். சன்ன நெல் வழுக்கிக்கொண்டு தட்டையாகப் பரவியது. மோட்டா நெல் கொஞ்சம் உயரமாகக் குவிந்தது. ஆக, மோட்டாவால்தான் வம்பு என்று முடிவு கட்டினேன். மறுநாள் சன்ன நெல்லே சிக்கிக்கொண்டது. தூசியும் வைக்கோல் துணுக்கும்தான் காரணம் என்று சலித்து ஏற்றச் சொன்னேன். இரண்டு நாள் ஓடியது, மூன்றாம் நாள் நின்றது. நான் எதைச் சொன்னாலும் மறுநாள் நெல் அதைப் பொய்யாக்கியது.

வெள்ளிக்கிழமை தோறும் கணவர் போன் செய்வார். "கூம்போட சரிவு பத்தலைங்கிறான் கம்பெனிக்காரன்" என்பார். அடுத்த வாரம் அவரே, "டிரைவர் ஈரத்தோட ஏத்துறான் போலிருக்கு, கவனிச்சுக்க" என்பார்.

மில்லில் மிஷின் ஓட்டுகிறவரை டிரைவர் என்றுதான் சொல்வோம். எங்கள் டிரைவர் மாமனார் காலத்து ஆள். அவர் மனைவி களத்தில் நெல் காயவைப்பவர். "காஞ்ச நெல்லுதாம்மா ஏத்துறேன். கடிச்சுப் பாருங்க" என்று டிரைவர் சாயங்காலம் ஒரு பிடி நீட்டுவார். கடித்தால் டக்கென்று உடையும். அப்போது நம்புவேன். காலையில் நெல் நின்றதும் நம்பிக்கையும் நின்றுவிடும்.

டிரைவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் கிளம்புகிறார். தொட்டியில் எந்த இடத்தில் மரச்சுத்தியால் தட்டினால் நெல் இறங்கும் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தான் இல்லாவிட்டால் இந்த மில் ஓடாது என்று காட்டிவிட்டுப் போகப் பார்க்கிறார் என்று எனக்குள் ஓர் எண்ணம் புகுந்தது. என் புத்தி அப்படி. காரணம் பிடிபடாத இடத்தில் ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு காலையில் சுத்தியால் எத்தனை தட்டியும் நெல் அசையவில்லை. நான் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். "போற நேரத்துல ஏண்ணே இப்படிப் பண்றீங்க?"

டிரைவர் ஏணியில் ஏறி, மேல்மூடியைத் தள்ளிவிட்டு, உள்ளே நெல்லின் மேலேயே இறங்கி நின்றார். "பாருங்க, ஆள் நிக்கிறேன். அப்பவும் இறங்கல. இதுல நான் என்னம்மா பண்ணியிருக்க முடியும்?" என்று குரல் மட்டும் வந்தது. அடுத்த நொடி உள்ளே நெல் திபுதிபுவென்று சரியும் சத்தம்.

ஏணியில் ஏறிப் பார்த்தேன். இடுப்பு வரை புதைந்திருந்தார். கடலோரத்தில் வளர்ந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர்தான். தண்ணீரை வடித்துவிட்டால் ஆள் தப்பிப்பான். இறங்கி ஓடித் தகட்டை முழுக்க இழுத்தேன். இத்தனை நாள் அடம்பிடித்த நெல் கொட்டு கொட்டென்று கொட்டியது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. டிரைவரின் மனைவி களத்திலிருந்து ஓடி வந்து என்னைத் தள்ளிவிட்டுத் தகட்டை அறைந்து மூடினார். "அடியில உருவினா ஆளையும்தான உள்ள இழுக்கும்" என்றார்.

அதற்குள் நெல் மார்பு வரை வந்துவிட்டது. நாலு பேர் அக்குளில் கயிறு போட்டு இழுத்தும் ஓர் அங்குலம் வரவில்லை. வலியில் அலறினார். ஒரு பிடி எடுத்தால் விரலிடுக்கில் வழுக்கி ஓடுகிற நெல் ஓர் ஆளை எப்படி இப்படி இறுக்கிப் பிடிக்கும் என்று அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

"இழுக்காதீங்க. பலகை கொண்டாங்க" என்றார் அவர் மனைவி. களத்தில் இரண்டு பேர் நெல்லை அருகருகே குவிக்கும்போது ஒன்று சரிந்து மற்றதில் கலக்காமலிருக்க நடுவில் பலகை நிறுத்துவார்கள். அந்தப் பலகைகளைத் தன் கணவரைச் சுற்றி நாலு பக்கமும் குத்தவைத்து, உள்ளே இருந்த நெல்லை மட்டும் படியால் அள்ளச் சொன்னார். வெளி நெல் பலகையைத் தாண்டிச் சரியவில்லை. முக்கால் மணி நேரத்தில் அவரைத் தூக்கி எடுத்தோம். இரண்டு விலா எலும்பில் விரிசல்.

தொட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த நெல்லை அவர் மனைவி பெயர்த்து என் கையில் வைத்தார். கட்டிகட்டியாக, புளித்த வாடையோடு இருந்தது. "சூட்டோட கொட்டி மூடிட்டா வேர்க்கும்மா" என்றார். பனி விழுமுன் மூடியை இறுக்கிப் போடச் சொன்னது நான். எங்கள் ஊரில் கருவாட்டை அப்படித்தான் மூடுவார்கள். களத்து வெயிலின் சூடு தணியாத நெல் இரும்புக்குள் இரவெல்லாம் வேர்த்துப் பிசுபிசுத்திருக்கிறது. அப்படியானால் மூடாத நாட்களிலும் சில தடவை நின்றதே, அது ஏன்? தெரியவில்லை. அதற்குமேல் கேட்க எனக்கு முகமில்லை.

சிங்கப்பூர்ப் பயணம் இரண்டு மாதம் தள்ளிப்போனது. கிளம்புமுன் இருவரும் சொல்லிக்கொள்ள வந்தார்கள். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கம்மா" என்றார் டிரைவர். காபி குடித்து டம்ளரை வைத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"தப்பா நெனைக்காதீங்க, ஒண்ணு கேக்கணும். தகட்டைத் திறந்தப்ப, நெல்லு ஓடுறதப் பாத்து நீங்க சிரிச்சுக்கிட்டு நின்னீங்கன்னு இவ சொல்றா. இருக்காது, பதட்டத்துல மூஞ்சி அப்படிப் போயிருக்கும்னு நான் சொன்னேன்."

அவர் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சேண்ணே" என்றேன். "மேல நீங்க இருக்கறது அப்ப எனக்கு ஞாபகமே இல்ல."