பட்டுப்புடவைப் பெட்டிக்குள்ள ரெண்டு நாவல்

இன்னைக்கு சாயந்திரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில நாங்க மூணு புக் பைத்தியங்க. யாரு என்ன படிச்சா, என்ன வாங்கினான்னு ஒரே அரட்டை.

புதுசா வாங்கின ரெண்டு நாவலை எடுத்துக் காட்டினேன். காட்டின கையோட பயமும் வந்துடுச்சு.

"இதை வீட்டுக்குள்ள எப்படிப்பா கொண்டு போறது? படுக்கவே இடமில்ல, இன்னும் புக்கான்னு எங்கம்மா கத்துவாங்க."

பட்டுக்கடையில வேலை பாக்கிற தேவி, ஒரு காலிப் புடவைப் பெட்டியையும் கடைப் பையையும் நீட்டினா. "இதுல வெச்சிக்கினு போ. தெருவுக்கு நாலு பட்டுக்கடை இருக்கிற நம்ம ஊர்ல இந்தப் பையை யாரு திரும்பிப் பாக்கப் போறாங்க?"

வீட்டு வாசல்லயே அம்மா பாத்தாங்க.

"எனக்காடி?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள பெட்டி அவங்க கையில. "நல்ல கனமா இருக்குதே! ஜரிகை ஜாஸ்தியா?"

பிரிக்கல. புதுப்பட்டு முதல்ல சாமிகிட்ட போகணுமாம். பெட்டி மேல மஞ்சள் குங்குமம் வெச்சு, விளக்கேத்தி, ஐயம்பேட்டை சித்திக்கு போனும் போட்டாச்சு. "என் பொண்ணு எனக்குப் பட்டு எடுத்தாந்திருக்காடி!"

சித்தி வந்தப்புறம் பிரிப்பாங்களாம். ஷேர் ஆட்டோவுல வந்துக்கினு இருக்காங்க.

வாசல்ல உக்காந்து எங்க குரூப்ல கதறினேன். "என்ன பண்றது, சொல்லுங்கப்பா!"

தேவி உடனே பதில் போட்டா. "புக் அட்டையில குங்குமம் படாம பாத்துக்கோ. அந்த குண்டு நாவல் முதல்ல எனக்குத்தான்."

உள்ள அம்மா தலைவாரி பூ வெச்சுக்கினு இருக்காங்க.

நீங்களாவது ஏதாவது சொல்லுங்க. தெருமுனையில ஆட்டோ சத்தம் கேக்குது.