பந்தைப் பிடித்தவர் வேறொருவர்

செவ்வாய்க்கிழமை காலை அன்ரன் அண்ணையின் மகள் அழைத்தாள். "அங்கிள், அப்பா போயிட்டார். நித்திரையிலதான். அவரைப் பற்றி எழுதுவீங்கள்தானே? பிழையில்லாம எழுதுங்கோ."

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த அஜின்கோர்ட்டில் பலருக்கு அவர் பாடசாலை பஸ் ஓட்டியவர். அதற்கு முன், மன்னாரிலிருந்து இலங்கைத் தேசிய உதைபந்தாட்ட அணிக்குப் போன, கோல் காக்கும் பந்துக்காப்பாளர். இலங்கையும் மாலைதீவும் தமக்குள் ஒரு கிண்ணத்துக்காக மோதிய காலம் அது. அந்தப் போட்டி நின்றுபோய் நெடுங்காலமாகிறது.

எங்கள் தமிழ்க் கழகத்தின் ஆண்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடு செய்தோம். அறிவிப்பாளன் நான். "கடைசி ஆட்டத்தில் பெனால்டியைத் தடுத்துக் கிண்ணத்தை வென்று தந்தவர்" என்றேன். யாரோ சொல்லக் கேட்டது, அவரிடம் விசாரிக்கவில்லை. மண்டபம் கைதட்டியது.

அவர் ஒலிவாங்கியை வாங்கினார். "தம்பி பிழையாச் சொல்லிப்போட்டார். அதைப் பிடிச்சது நான் இல்லை. நான் வெளியிலை மாற்று ஆளா வாங்கிலை இருந்தனான். பிடிச்சது நிமல் எண்ட சிங்களப் பொடியன்."

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "சிங்களவன்ரை பேரை இஞ்சை சொல்லத்தான் வேணுமோ?"

"ஓம். பிடிச்சவன் அவன்."

இரண்டு குடும்பங்கள் எழுந்து போயின. அண்ணை பொன்னாடையை வாங்காமலே போய்த் தன் கதிரையில் உட்கார்ந்தார். தனியாக என்னிடம் சொல்லியிருக்கலாமே என்ற கோபத்தில், அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் அவருடன் பேசவில்லை.

பனி கரைந்ததும் அவரே வீட்டுக்கு வந்தார். தேநீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"உம்மை அவமானப்படுத்தச் சொல்லேல்லை. கைதட்டு விழுந்திட்டுது. அதைக் கொண்டு வீட்டை போக ஏலாமல் கிடந்தது."

"வெளியிலை இருந்தாலும் நீங்களும் அந்த அணிதானே, அண்ணை?"

"அந்தப் பெனால்டி அடிக்கேக்கை, நிமல் பந்தைக் கோலுக்குள்ளை விடவேணுமெண்டு நான் மனசுக்குள்ளை மன்றாடினனான். விட்டிருந்தால் அடுத்த முறை மெட்ச் எனக்கு. அவன் பிடிச்சிட்டான். பிறகு கிண்ணமே நிண்டுபோச்சு."

தேசிய அணிக்காக அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. நிமலை அதன்பின் சந்திக்கவும் இல்லை. தான் சொல்வதை நிமல் ஒருபோதும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்துதான் அன்று மண்டபத்தில் எழுந்து நின்றார்.

யார்மீதாவது எனக்குப் பொறாமை வந்தால், இப்போது அவருடைய நல்லதை நாலுபேர் முன் பெயர் சொல்லிப் பேசிவிடுகிறேன். அன்ரன் அண்ணையிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது. முதல் தடவை கஷ்டமாக இருந்தது. இன்னமும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.