சப்பாத்துப் பெட்டியில் ஒரு சும்மா

என் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு மஞ்சள் அட்டை ஒட்டியிருக்கிறது. அதில் ஜெர்மன் எழுத்தில் 'சும்மா' என்று இருக்கும். எழுதியவர் ஜெர்மனியின் எசன் நகரத்தில் எங்கள் மேல்மாடியில் இருந்த ஜெர்மன்காரர். நிலக்கரிச் சுரங்கத்தில் வரைபடம் கீறி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின், பேச ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு மொழியைச் செய்துகொண்டிருந்தார். ஒவ்வோர் இலக்கணப் பெயருக்கும் ஓர் அட்டை, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அதன் கீழே ஒரு குறிப்பு. எல்லாவற்றையும் சப்பாத்துப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் கட்டி வந்தவள் நான். கணவர் உணவகத்துக்கு வேலைக்குப் போய்விட்டால் எனக்குச் சுவர்தான் துணை. "இஞ்சை டெர்மின் எடுக்காமல், முதலே நேரம் குறிக்காமல் ஒருத்தற்றை வீட்டுக்கும் போகேலாது" என்று மச்சாள் தொலைபேசியில் எச்சரித்திருந்தா. ஒரு பின்னேரம் பொறுக்க முடியாமல் மேலேறி அவருடைய மணியை அடித்தேன். தண்ணீர் ஒழுகுகிறதா, சத்தம் அதிகமா, என்ன வேண்டும் என்று வரிசையாகக் கேட்டார். என் அரைகுறை ஜெர்மனில் அதற்கு விடை இல்லை. "சும்மாதான் வந்தனான்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அதை விளங்கவைக்க அரை மணித்தியாலம் பிடித்தது. ஒரு காரியமும் இல்லாமல் ஓர் ஆள் இன்னோர் ஆளிடம் வருவதா என்று தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். அடுத்த கிழமையே, காரணமில்லாமல் செய்யும் செயலுக்கென்று தன் மொழியில் ஒரு வினைவடிவம் சேர்த்து, அதற்கு 'சும்மா' என்று பெயரும் வைத்துவிட்டார். லத்தீன் பெயர்களுக்கு நடுவே எங்கள் சும்மா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. எனக்குச் சரியான பெருமை.

பிறகு நானும் இந்த நாட்டுக்காரியானேன். முதியோர் இல்லத்தில் வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் டெர்மின். மேலே ஏறுவது குறைந்து குறைந்து நின்றே போனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் வெளிக்கிட்டுக் காலில் சப்பாத்து மாட்டும்போது மணி அடித்தது. மடிப்புக் கலையாத சட்டையோடு அவர் நின்றார். அத்தனை வருடத்தில் அவர் என் வாசலுக்கு வந்தது அதுதான் முதல்தடவை. கதவைப் பூட்ட எடுத்த திறப்போடு, "சொல்லுங்கோ, என்ன வேணும்?" என்று கேட்டேன். "ஒன்றுமில்லை" என்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மேலேறிப் போனார். பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. அடுத்த கிழமை போய்ப் பார்ப்போம் என்று நினைத்தேன். அடுத்த கிழமையும் அதையே நினைத்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். வீட்டை ஒதுக்க வந்த மகள் இந்த அட்டையை என்னிடம் தந்தாள். பெயருக்குக் கீழே, 'தமிழ். கீழ்வீட்டுப் பெண் என் கதவடியில் சொன்னது' என்று மையில் எழுதியிருந்தது. அதற்கும் கீழே, நடுங்கிய பென்சில் எழுத்தில், அவருடைய மொழியில் அந்த வினைவடிவத்துக்கு ஓர் எடுத்துக்காட்டும் பக்கத்தில் அதன் பொருளும்: 'நான் கீழே இறங்கிப் போனேன்.'

பிள்ளை இப்போது படிப்புக்கு வேறு நகரம் போய்விட்டான். மணி அடித்தால் அது பார்சல்காரன்தான். ஆனாலும் என்ன வேணும் என்று நான் கேட்பதில்லை. கதவை அகலத் திறந்து, "உள்ளே வாங்கோ" என்கிறேன். அவன் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விடுகிறான்.