கடைசிக் கட்டத்தில் ஒரு டிக்

செத்த ஆட்டின் தோலை உரித்து, கொன்றது யாரென்று சொல்வதுதான் ஹெர்போர்க்கின் அரசாங்க உத்தியோகம். நார்வேயின் கிழக்கோரக் காட்டுப் பள்ளத்தாக்கில் இருபத்தாறு வருடமாக அவள் கொடுத்த தீர்ப்புகளை எந்த ஆடும் ஆட்சேபித்ததில்லை. மனிதர்கள்தான் ஆட்சேபித்தார்கள். ஓநாய் என்று எழுதினால், ஆஸ்லோவில் ஐந்தாவது மாடியில் பூனை வளர்ப்பவர்கள் அவளைக் கொலைகாரி என்று கடிதம் போடுவார்கள். ஓநாய் இல்லை என்று எழுதினால், ஆர்விட்டின் கடையில் அவள் உட்காரும் காபி மேசை காலியாகிவிடும்.

அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. தோலுக்கு அடியில் எல்லாம் எழுதியிருக்கும் என்பாள். முதுகெலும்பு நொறுங்கியிருந்தால் கரடி. தொண்டையில் ஒரே கடி, உள்ளே சதை கூழாகிக் கிடந்தால் ஓநாய். தொடை, காது, வால் என்று கண்ட இடத்தில் கடித்துவிட்டு, தின்னாமலே போயிருந்தால் அது தொழில் தெரியாத ஆள், அதாவது வீட்டு நாய். அவள் நிரப்பும் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று அச்சடித்திருக்கும். அதில் அவள் பேனா ஒருநாளும் பட்டதில்லை.

நூறு வருடமாக இல்லாத ஓநாய் எப்படித் திரும்பி வந்தது என்பதற்கு ஊரில் ஒரே விளக்கம்தான். ஆஸ்லோக்காரர்கள் கார் டிக்கியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். காரைப் பார்த்தவர் எவருமில்லை. அதன் நிறம் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வந்ததில் மிஞ்சியது ஒரே ஒரு பெண் ஓநாய். இடது முன்காலில் ஒரு விரல் கிடையாது. ஆறு குளிர்காலமாக ஹெர்போர்க் பனிச்சறுக்குக் கட்டைகளில் அந்தத் தடத்தின் பின்னாலேயே போய், எச்சத்தைப் பையில் போட்டு அரசாங்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். இதற்குப் பாசம் என்று பெயர் வைத்தால் கோபம் வரும். கணக்கெடுப்பு என்பாள். ஆனால் முதல் பனி விழுந்த நாளில் அவள் காலை உணவைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவதை ஊரே பார்த்திருக்கிறது.

ஜூன் மாதம் தம்பி யோஸ்டைன் கூப்பிட்டான். அவனுடைய ஒன்பது ஆடுகள் புல்லில் கிடந்தன.

“ஓநாய்தானேக்கா?”

“இன்னும் தோல உரிக்கலையே.”

“ஊர் பூரா உரிச்சு முடிச்சாச்சு. நீதான் பாக்கி.”

அவள் கத்தியை எடுத்தாள். முதல் ஆட்டில் தொடை. இரண்டாவதில் காது. மூன்றாவதை உரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். யோஸ்டைனின் மான்வேட்டை நாய் பாம்ஸே வாசலில் படுத்திருந்தது. கழுத்துப் பட்டையில் கொஞ்சம் ஆட்டுக் கம்பளி ஒட்டியிருந்தது.

“இவன கட்டிப் போட்டிருந்தியா?”

யோஸ்டைன் தன் பூட்ஸைப் பார்த்தான். “கட்டினா ஊளையிடுறான். குட்னி செத்ததிலேர்ந்து இப்படித்தான். ஒரே வீட்ல எத்தன பேர்க்கா ஊளையிடுறது? நான் வேற இருக்கேன்ல.”

ஆட்டைக் கொன்ற நாயை அந்த ஊரில் எவரும் விட்டுவைப்பதில்லை. நாய் என்று எழுதினால், பெண்டாட்டி குட்னி போன வீட்டில் அவனோடு இருந்த ஒரே உயிர் போகும். ஓநாய் என்று எழுதினால் அது போகும். ஹெர்போர்க் வெகுநேரம் கத்தியைத் துடைத்தாள். பிறகு கடைசிக் கட்டத்தில் டிக் போட்டாள். தன் பேனாவால் யாரும் சாகவில்லை என்ற நிம்மதியோடு இரண்டு கோப்பை காபி குடித்தாள்.

அந்த நிம்மதிக்கு ஆயுள் நான்கு நாள். ஊர்க் கமிட்டி கூடியது. தலைவர் ஆர்விட் படிவத்தைத் தூக்கிக் காட்டினார்.

“ஹெர்போர்க்குக்கே தெரியலைன்னா என்னய்யா அர்த்தம்? இருபத்தாறு வருஷத்துல ஒருநாள் தெரியலைன்னு எழுதினதுண்டா இந்தம்மா? அவ்வளவு தந்திரமான ஓநாய்! விட்டா நாளைக்கு நம்ம பிள்ளைங்களக் கடிச்சுட்டு, கடியே இல்லாமப் பண்ணிடும்.”

ஹெர்போர்க் எழுந்தாள். “அது ஓநாய் இல்ல.”

“சரி. அப்ப யாரு? சொல்லுங்க, இங்கேயே எழுதிக்கிறோம்.”

முன்வரிசையில் யோஸ்டைன் மறுபடியும் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பிடரி சவரம் செய்யப்படாமல் இருந்தது. அது குட்னி செய்கிற வேலை. ஹெர்போர்க் உட்கார்ந்துவிட்டாள். மேலிடத்திலிருந்து சுட அனுமதி வந்தது.

ஒன்பதாம் நாள் சுட்டார்கள். கடை வாசலில் வாஃபிள் சுட்டு, ஜாமும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் வைத்து ஊருக்கே கொடுத்தார்கள். உடல், விதிப்படி, ஹெர்போர்க்கின் மேசைக்கு வந்தது. அவள் முதலில் இடது முன்காலைத் தூக்கிப் பார்த்தாள். தேவையில்லாத வேலை. பிறகு இரைப்பையைத் திறந்தாள். மான்குட்டியின் மயிர், இரண்டு எலி, ஒரு கைப்பிடி நீல பெர்ரிப் பழம். கம்பளி ஓர் இழைகூட இல்லை. எல்லாவற்றையும் எடை போட்டு எழுதி அனுப்பினாள். நன்றி தெரிவித்து அச்சடித்த அட்டை ஒன்று வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யோஸ்டைன் போன் செய்தான்.

“நாலு,” என்றான். “கட்டித்தான்கா வெச்சிருந்தேன். கயித்த அறுத்துட்டான்.”

அவள் போனாள், உரித்தாள். இந்த முறை ‘நாய்’ என்ற கட்டத்தில் டிக் போட்டாள். யோஸ்டைன் எட்டிப் பார்த்தான். பாம்ஸேவின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்துக்கொண்டே இருந்தான்.

கமிட்டி சிரித்தது. “ஜூன்ல தெரியாதவங்களுக்கு ஜூலையில மட்டும் எப்படித் தெரியும்?” என்று ஆர்விட் கேட்டார். “ஓநாய் போன துக்கம். பாவம், கூடப் பிறந்தவன் நாய் மேலயே பழி போடுது. இன்னொரு ஓநாய் இருக்கு. போன வாரம்கூட அந்த நீலக் கார் வந்துச்சாமே!” புது அனுமதி தாமதமில்லாமல் வந்தது.

காலையில் வேட்டைக் குழு அவள் வீட்டு வாசல் வழியாகப் போனது. மோப்பம் பிடிக்க ஊரிலேயே நல்ல மூக்குள்ள நாயாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிய பாம்ஸே, யோஸ்டைனை இழுத்துக்கொண்டு வந்து அவள் கையை நக்கியது.

“வரேன்கா,” என்றான் யோஸ்டைன், தலையை நிமிர்த்தாமல்.

ஒன்றுமே இல்லாத காட்டுக்குள் பன்னிரண்டு துப்பாக்கிகள் போயின.