சீனிச்சாமி உட்கார வைத்த ஆட்டக்காரன்

சீனிச்சாமி அண்ணனை ஊரே திட்டிய காலத்தில், எல்லோரையும்விட அதிகமாகத் திட்டியவன் நான். அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் நடந்ததை முழுதாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். அவர் வாய் திறக்கமாட்டார். ஆகவே நான் எழுதுகிறேன்.

என் பெயர் லிங்கேஸ்வரன். போடியிலிருந்து ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு ஓட்டுகிறேன். காலை ஐந்தரைக்கு ஏற்றினால் அடிவாரத்து முந்தல் தாண்டி மலையேறி, உச்சியிலுள்ள மெட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டம் தோட்டமாக இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்குவேன். மிச்ச நேரமெல்லாம் கூடைப்பந்து. நான் ஒரு நாளும் ஆடியவன் இல்லை. பந்தை நான்கு தடவை சேர்ந்தாற்போலத் தட்டத் தெரியாது. ஆனால் யாரை எப்போது இறக்கணும், யாரை எப்போது எடுக்கணும் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்லுவேன். எங்கள் கிளப் மைதானத்தின் சிமெண்டுப் படிக்கட்டில் உட்காருகிற அத்தனை பேரும் அப்படித்தான்.

சீனிச்சாமி அண்ணன் பக்கத்துச் சிலமலை ஊர்க்காரர். இளவயதில் எங்கள் கிளப்புக்கு ஆடியவர். இடதுகைப் பக்கமாகப் புகுந்தால் அவரை மறிக்க ஆள் கிடையாது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கல்யாணம் ஆனதும் கூலி கூடுதலாகக் கிடைக்கிறதென்று மலையில் ஏலச்செடிக்கு மருந்தடிக்கிற வேலைக்குப் போனார். நாலு வருஷம் போனார். ஒத்துக்கொள்ளவில்லை என்று இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு அவர் ஆடவும் இல்லை. ஏன் ஆடவில்லை என்று படிக்கட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை.

அப்புறம் ஒரு ஏலக்காய் மண்டியில் காய் சலிக்கிற வேலைக்குச் சேர்ந்தார். எட்டு மில்லிமீட்டர் காய் தனி, ஏழு மில்லிக் காய் தனி, வெடித்த காய் தனி என்று காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் சல்லடையோடு நிற்கிற வேலை. ஐந்து மணிக்குக் கைகால் கழுவி, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடுவார். பயிற்சி கொடுப்பதற்கு அவருக்குச் சம்பளம் கிடையாது. பேச்சும் கிடையாது. தோற்றாலும் ஜெயித்தாலும் அதே முகம். பகலெல்லாம் காயைச் சலித்துவிட்டுச் சாயங்காலம் பையன்களைச் சலிக்க வருகிறார் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

கேலி சண்டையாக மாறியது அருண்பாண்டி விஷயத்தில்.

அருண்பாண்டிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா இல்லை. அம்மா மொக்கம்மாள் மலையில் காய் எடுக்கப் போகிறாள். அவனும் அதே எஸ்டேட்டுக்கு மருந்தடிக்கப் போவான். இரண்டு பேரும் என் ஜீப்பில்தான் வருவார்கள். ஆறடிக்கு மேல் உயரம். உள்ளே ஏறினால் கழுத்தைச் சாய்த்துக்கொண்டுதான் உட்காரணும். சாயங்காலம் இறங்கியதும் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு நேரே மைதானத்துக்கு ஓடுவான். எங்கள் அணியில் அவன் அளவுக்குப் பந்து போட ஆள் கிடையாது. குருடனுக்கும் அது தெரியும்.

அப்படிப்பட்டவனைச் சீனிச்சாமி அண்ணன் பெஞ்சில் உட்கார வைத்தார். நாற்பது நிமிஷ ஆட்டத்தில் சில நாள் பத்து நிமிஷம், சில நாள் ஆறு நிமிஷம். முக்கால்வாசி ஆட்டம் முடிந்தபிறகு இறக்குவார். அவன் நாலு கூடை போடுவான், படிக்கட்டே எழுந்து ஆடும், உடனே கையைக் காட்டி வெளியே எடுத்துவிடுவார். அவனுக்குப் பதிலாக உள்ளே போகிறவன் பாண்டியராஜன். அண்ணனின் கூடப்பிறந்த அக்காள் மகன். இது போதாதா எங்களுக்கு? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

டீக்கடை தங்கபாண்டி மட்டும் ஒருநாள் வேறு மாதிரி பேசினார். கவனித்துப் பார்த்தால் சில ஆட்டத்தில் அவனை இருபத்தைந்து நிமிஷம்கூட விட்டிருக்கிறார், மருமகனுக்காக என்றால் எல்லா நாளும் ஒரே மாதிரி அல்லவா செய்வார் என்று கேட்டார். மழை பெய்து தோட்ட வேலை இல்லாத வாரங்களில்தான் அவன் அதிகம் ஆடினான் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்கணும். எந்த நாள் எந்த ஆள் எந்த வேலைக்கு ஏறினான் என்பது என் ஜீப்புக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? நான் யோசிக்கவில்லை. தங்கபாண்டியைப் பார்த்து, டீ ஆத்துகிற சோலியைப் பாரும் என்றேன்.

போன வருஷம் மே மாதப் போட்டிக்குச் சென்னையிலிருந்து இரண்டு பேர் வருவதாகத் தகவல் வந்தது. ஒரு அரசுத் துறையின் அணிக்கு ஆள் எடுக்க வருகிறார்கள். அவர்கள் கண்ணில் பட்டால் நிரந்தர வேலை. அருண்பாண்டி அன்றைக்கு ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். வேலை கிடைத்தால் முதலில் ஆத்தாளை மலையேறுவதிலிருந்து நிறுத்திவிடுவேன் என்று மட்டும் சொன்னான். அவன் ஆட்டத்தை முழுதாக அவர்கள் பார்க்க வைப்பது என் பொறுப்பு என்று நானாக மனதில் முடிவு கட்டிக்கொண்டேன்.

இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சீனிச்சாமி அண்ணன் ஜீப்பு நிற்கிற இடத்துக்கு வந்தார். அதற்கு முன் அவர் என்னைத் தேடி வந்ததே இல்லை.

"லிங்கு, இந்த ஒரு வாரம் அருணைக் களையெடுக்கிற தோட்டத்துல எறக்கி விடுறியா? சூப்பர்வைசர் சேட்டன்கிட்ட நீ சொன்னா கேப்பாரு."

எதற்கு என்று கேட்டேன். ஒரு வாரந்தானே என்றார். காரணம் சொல்லவில்லை. களையெடுப்புக்குக் கூலி குறைவு. ஆட்டத்தில்தான் அவனை அமுக்குகிறார் என்றால் பிழைப்பிலும் கை வைக்க வந்துவிட்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, சூப்பர்வைசர் சேட்டனிடமும் சொல்லவில்லை, அருண்பாண்டியிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் ஐந்து நாளும் அவனை மருந்தடிக்கிற தோட்டத்திலேயே இறக்கினேன்.

அதோடு விட்டேனா? எங்கள் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. பந்து ஒருவர் உபயம், சாப்பாடு ஒருவர் உபயம், ஆட்டக்காரர் உடுப்பு வருஷா வருஷம் எங்கள் ஜீப்பு ஓட்டுநர்கள் உபயம். உபயதாரருக்கு முன்வரிசை நாற்காலியும் மரியாதையும் உண்டு; அவர் சொல்லைக் கிளப் கமிட்டி தட்டாது. நான் கமிட்டியிடம் போய், அருண்பாண்டி நாற்பது நிமிஷமும் ஆடினால்தான் எங்கள் உடுப்பு, இல்லாவிட்டால் பனியனோடு ஆடிக்கொள்ளுங்கள் என்றேன். கோயில் கொடைக்கு உபயம் செய்கிறவன் சாமி எந்தத் தெருவில் நிற்கணும் என்று சொல்கிற மாதிரி, ஆட்டத்துக்கும் சொல்லலாம் என்று நினைத்துவிட்டேன். கமிட்டி அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னது. முதல் பாதி மட்டும் ஆடட்டும் என்று அவர் கேட்டுப் பார்த்தாராம். முடியாது என்றுவிட்டார்கள்.

இறுதி ஆட்டம் சாயங்காலம் ஐந்தரைக்குத் தொடங்கியது. சென்னைக்காரர்கள் இரண்டு பேரும் என் நாற்காலிக்கு நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். முதல் கால்பகுதியில் அருண்பாண்டி பதினோரு பாயிண்ட் எடுத்தான். அவர்களில் ஒருவர் பேப்பரில் எதையோ எழுதியதை நான் என் கண்ணால் பார்த்தேன். இப்போது என்ன சொல்கிறீர் என்கிற மாதிரி திரும்பிச் சீனிச்சாமி அண்ணனைப் பார்த்தேன். அவர் பந்தைப் பார்க்கவில்லை. அவனுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது கால்பகுதியில் அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. முதல் பந்து வளையத்தையும் தொடவில்லை, பலகையையும் தொடவில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தான். வாயோரம் எச்சில் வடிந்தது. அண்ணன் எழுந்து ஆளை மாற்றச் சொல்லிக் கை காட்டினார். பாண்டியராஜன் எழுந்து கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். படிக்கட்டு முழுதும் கூச்சல். நான் நாற்காலியை விட்டு எழுந்து ஓடினேன்.

"உக்காருடா. ஒருத்தன் பொழப்பக் கெடுக்கவா வந்து நிக்கிற?" என்று பாண்டியராஜனிடம் சொன்னேன்.

அவன் மாமனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கமிட்டிச் செயலாளரைப் பார்த்தான். அவரும் உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். பையன் தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்துவிட்டான். அண்ணன் என் சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. "அவனால முடியல லிங்கு," என்று மட்டும் சொன்னார். அந்தக் கூச்சலில் அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்காத மாதிரி நின்றேன்.

இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எதிர்க்கூடைக்குக் கீழே அருண்பாண்டி மண்டியிட்டான், வாந்தியெடுத்தான், அப்படியே பக்கவாட்டில் சரிந்தான். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. என் ஜீப்பில்தான் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். டாக்டர் அவன் கண்ணை விரித்துப் பார்த்தார், உடம்பை முகர்ந்து பார்த்தார், பூச்சிமருந்து அடிக்கிற ஆளா, கடைசியாக எப்போது அடித்தான் என்று கேட்டார். கூடவே வந்திருந்த மொக்கம்மாள் மகனின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சீனிச்சாமி அண்ணன்தான் பதில் சொன்னார்.

"இந்த வாரம் அஞ்சு நாளும் அடிச்சிருக்கான் சார். நேத்தும் போனான்."

ஐந்து நாளும் கொண்டுபோய் இறக்கிய நான் சுவரோடு சுவராக நின்றேன். அந்த வாடை இத்தனை நாள் என் மூக்குக்கு ஏன் தெரியவில்லை என்றால், என் ஜீப்பில் எல்லோர் மேலும் அந்த வாடைதான். அது வேலையின் வாடை என்று இருந்துவிட்டோம். மண்டியில் காயை முகர்ந்தே தரம் சொல்லிவிடுகிற மனுஷன் பயிற்சிக்கு வருகிற பையனை முகர்ந்து, நிமிஷத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அருண்பாண்டி பிழைத்துக்கொண்டான். பதினோரு நாள் படுக்கை. பழைய மூச்சு திரும்பவில்லை. மைதானத்தை ஒருமுறை சுற்றினால் நின்றுவிடுகிறான். இனி மருந்துப் பக்கம் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சென்னைக்காரர்கள் எதிரணியில் ஒரு பையனை எடுத்துக்கொண்டு போனார்கள். ஊர் என்ன பேசியது தெரியுமா? மருந்து விஷயத்தைத் தெரிந்தே மறைத்துவிட்டார், தெரிந்தே இறக்கினார் என்று அப்போதும் சீனிச்சாமி அண்ணனைத்தான் பேசியது. கமிட்டி தன் பங்கை மூடிமறைக்க அவரை வர வேண்டாம் என்றது. களையெடுப்புக்கு விடச் சொல்லி அவர் கேட்டதை மறைத்தது நான், உடுப்பைக் காட்டி மிரட்டியது நான், கோட்டில் நின்ற பையனை உட்கார வைத்தது நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பயம்தான், வேறொன்றும் இல்லை.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் மனைவி செல்லத்தாய் கதவைத் திறந்து, "வாங்க தம்பி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த அம்மாவுக்கு நான் செய்தது தெரியும் என்று அந்தக் குரலிலேயே எனக்குப் புரிந்தது. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். செய்ததையெல்லாம் சொல்லி, மன்னித்துக்கொள்ளச் சொன்னேன். சரி என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அன்றைக்கே காரணத்தைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"அவந்தான் சொல்லக் கூடாதுன்னான் லிங்கு. ஒத்துக்கலன்னு தெரிஞ்சா எஸ்டேட்டுல அந்தச் சோலிக்குக் கூப்பிட மாட்டாக. ஆளெடுக்க வர்றவுகளும் சீக்காளின்னு ஒதுக்கிருவாக. எனக்கும் அந்த வயசுல இப்படித்தான் மூச்சு போச்சு. பத்து நிமிசம் நல்லா ஆடுனா, கண்ணு உள்ளவன் கண்டுக்கிருவான்னு பாத்தேன்."

பிறகு அவர் கேட்டார்.

"இப்பவும் ஒன் ஜீப்புலதான் வர்றானா?"

"ஆமாண்ணே."

"எந்தச் சோலிக்கு?"

"மருந்துக்குத்தாண்ணே. ஆள் கிடைக்கலன்னு சேட்டனும் கண்டுக்கல," என்றேன்.

மறுநாள் காலை அருண்பாண்டி வந்ததும், களையெடுக்கிற தோட்டத்தில் இறக்கிவிடுகிறேன், சேட்டனிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றேன்.

"அந்தக் கூலி வீட்டுக்குப் பத்தாதுண்ணே. ஆத்தாவுக்கும் இப்ப முடியல," என்று சொல்லிவிட்டு, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

ஐந்தரை ஆகிவிட்டது. மற்ற ஆட்கள் எல்லோரும் ஏறியிருந்தார்கள். நான் வண்டியை எடுத்தேன்.