ருவைஸில் ஷெரில் சுட்ட பருப்பு ரொட்டி

அபுதாபியில் நான் டூர் கைடாகச் சேர்ந்த இரண்டாவது வருடம் அது. பாலைவனமும் ஒட்டகமும் காட்டிக்கொண்டிருந்த எங்கள் கம்பெனி புதிதாக ஒரு டிரிப் தொடங்கியது. வெள்ளிக்கிழமை எண்ணெய் ஆலைகள் இருக்கும் ருவைஸுக்குப் போய், டிரினிடாட் தீவுக்காரர்களின் வீட்டில் கரீபியன் சாப்பாடு, பாட்டு. வீட்டுக்கார அம்மா ஷெரில். அவர் கணவர் அங்கே ரிஃபைனரியில் ஆபரேட்டர். கணவர் டியூட்டிக்குப் போனால் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் இருந்த ஷெரில், ஆசையாக ஒப்புக்கொண்டார்.

முதல் டிரிப் கிளம்பும்போது மேனேஜர் சொன்னார்: "மேரி, கஸ்டமர் யாராவது முகம் சுளிச்சா இந்த டிரிப் கலாஸ், அத்தோட முடிஞ்சுது. பாத்துக்கோ."

வேனில் வந்ததெல்லாம் தமிழ்க் குடும்பங்கள். ஷெரில் சர்க்கரையைக் கருக்கி, அதில் கோழியைப் புரட்டி, துவரையோடு வேகவைத்த சோற்றை ரசித்துச் சாப்பிட்டார்கள். அடுத்து ரொட்டி வந்தது. உள்ளே சீரகம் சேர்த்து அரைத்த பருப்பு.

சென்னைக்காரர் வசந்தி பிட்டுப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "இது எங்க ஊரு சாப்பாடாச்சே? உங்க சாப்பாடு சாப்பிடலாம்னுதானே இவ்வளவு தூரம் வந்தோம்?"

ஷெரில் ஆப்பிரிக்க வம்சாவளி. அவர் முகம் வாடிவிட்டது. டிரினிடாடுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன இந்தியர்களின் கதையை நான் படித்து வைத்திருந்தேன். சொல்ல வாயெடுத்தேன். ஷெரில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சின்ன வயசுலயே எங்கம்மா தவறிட்டாங்க. அப்பா எண்ணெய்க் கிணத்துல வேலை. பக்கத்து வீட்டுல ஒரு இந்தியக் குடும்பம். அந்தம்மா தன் பிள்ளைங்களுக்குச் சுடுறப்போ எனக்கும் ஒண்ணு சேத்துச் சுடுவாங்க. இதைத் தின்னுதான் வளந்தேன். இது என் சாப்பாடு இல்லேன்னா, வேற எதைச் சொல்லுவேன்?"

வசந்தி விருட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனார். கோபமோ என்று பயந்து பின்னாலேயே ஓடினேன். அவர் கை கழுவிவிட்டு மாவு உருண்டையை எடுத்தார்.

"மன்னிச்சுக்கோங்க ஷெரில். நாங்க இதைப் போளின்னு இனிப்பாத்தான் செய்வோம். இதை எனக்குச் சொல்லிக் குடுங்க."

வசந்தி தேய்த்த முதல் ரொட்டி கிழிந்து பருப்பெல்லாம் கொட்டியது. ஷெரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று டியூட்டி இல்லாத அவர் கணவர் எண்ணெய் டிரம்மில் செய்த வாத்தியத்தை வாசிக்க, குழந்தைகள் ஆடினார்கள்.

அடுத்த மாதமே வசந்தி தன் தங்கை குடும்பத்தைக் கூட்டி வந்தார். ஷெரிலின் கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கும்வரை அந்த டிரிப் நடந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் நிறையப் படியுங்கள். ஆனால் வீட்டுக்காரர் பேசத் தொடங்கிவிட்டால், கைடும் விருந்தாளிகளோடு உட்கார்ந்து கேட்க வேண்டும்.